சென்னியப்பன் செய்த காரியம்

சென்னியப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஈரோடு பஸ் ஸ்டாண்டில். கையில் ஒரு சீப்பு பூவன் பழம், வாயில் வெற்றிலை. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று ஒரு விஷயத்தைச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு பழத்தை என் மடியில் போட்டுவிட்டு, பஸ் திரும்புகிற வரைக்கும் கையைத் தூக்கியபடியே நின்றான். அவன் என் மச்சினன், என் சம்சாரத்தின் தம்பி. நேற்று அவனுக்குப் பதினாறாம் நாள். அவன் ஊர் குன்னத்தூருக்குப் போய் அதைத்தான் முடித்துவிட்டு இந்த பஸ்ஸில் திரும்பி வருகிறேன்.

வருத்தப்படாதீர்கள் தம்பி. நானே வருத்தப்படவில்லை. செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நேற்று முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கமான மனுஷனாம். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவன் அண்டா இல்லாமல் அடுப்பு எரியாதாம். எரியாதுதான். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவன், அண்டாவை வாடகைக்கு விடாமல் வேறென்ன செய்வான்?

அந்தப் பையை நகர்த்த வேண்டாம், என் மடியிலேயே இருக்கட்டும். உடையாது. ஆனால் அழுந்தக் கூடாது.

உங்களிடம் எதற்கு இதெல்லாம் என்று நினைப்பீர்கள். உங்கள் கையில் இருக்கிற பெரிய கவரைப் பார்த்தேன். ஸ்கேன் படம் வைக்கிற கவர். அதில் போட்டிருக்கிற ஆஸ்பத்திரி முத்திரை எனக்குத் தெரியும். முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மாதானே? சேலத்தில் இறங்கித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தீர்களே, அப்போது பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் இறங்கியிருக்கிறது. இந்த வயதிலும் கொண்டை கனமாக இருக்கிறது. புரோட்டான் சிகிச்சைக்குத்தானே போகிறீர்கள்? நான் கேட்கவே வேண்டியதில்லை. தலையிலும் கழுத்திலும் வேறெதற்கும் மசியாத கட்டி என்றால் கடைசியில் எல்லாரையும் அங்கேதான் அனுப்புகிறார்கள்.

அம்மாவுக்கு என்னவென்று சொல்லியிருக்கிறீர்களா? இல்லையா? நல்ல காரியம் செய்தீர்கள். நானும் சொல்லவில்லை. என் சம்சாரத்துக்குக் கடைசி வரைக்கும் அந்த வியாதியின் பெயர் தெரியாது. அந்தக் கஷ்டத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

நான் கூடுவாஞ்சேரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவன். பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. பார்மசி சர்டிபிகேட் வேறொருவருடையது, அது மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கும். பாதிக் கடைகளில் அதுதான் நிலைமை, முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆனால் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படித்தவன் நான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நானாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் டாக்டரிடம் போகமாட்டார்கள், என்னிடம்தான் வருவார்கள். டாக்டர்கள் எழுதுகிற சீட்டைப் பார்த்தாலே எது தேவை, எது கமிஷனுக்கு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என் சம்சாரத்தின் பெயர் பழனாத்தாள். பெயரைப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் எல்லாமே பழனிதான், இல்லாவிட்டால் சென்னிமலை. வயலில் மழை பெய்தாலும் முருகன், பெய்யாவிட்டாலும் முருகன். கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன், என் வீட்டில் இந்த மஞ்சள் துணியில் காசு முடிவது, மொட்டை போடுவது எதுவும் கூடாது என்று. சரிங்க என்றாள். எதைச் சொன்னாலும் சரிங்க என்பாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது.

அவளுக்கு முதலில் வாய்க்குள் அண்ணத்தில் வந்தது. எச்சில் சுரப்பியில் வருகிற ஒரு அபூர்வமான புற்று. அதை வெட்டி எடுத்து, சாதாரண ரேடியேஷனும் கொடுத்தார்கள். அடங்கிவிட்டது. இந்த ஜாதிக் கட்டி மெதுவாக வளரும், ஆனால் மறக்காது. நரம்பைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி ஊர்ந்து போகும். வருஷக் கணக்கில் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டு வேறொரு இடத்தில் தலையைக் காட்டும்.

சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். நடுவில் எனக்குத்தான் நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து, நான்தான் படுத்துக் கிடந்தேன். அவள்தான் பார்த்துக்கொண்டாள். அது முடிந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் சொன்னாள்: "ஏனுங்க, இந்தப் பக்கக் கன்னம் மரத்துக் கெடக்குதுங்க. மூஞ்சி கழுவுனா தண்ணி படறது தெரியறதில்லீங்க."

நரம்புத் தளர்ச்சி. பி12 குறைந்தால் அப்படித்தான் இருக்கும். கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன், சாதா மாத்திரை இல்லை, இருப்பதிலேயே நல்லது. ஒரு வருஷத்துக்கு மேல் கொடுத்தேன். ஒரு வேளை தவறியதில்லை. அவளும் அதற்கப்புறம் மரப்பைப் பற்றிப் பேசவில்லை. பேசாவிட்டால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பிறகு ஒரு நாள் மத்தியானம் ரசத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினாள். என்ன ஆச்சு என்றேன். தட்டு ரெண்டாகத் தெரிகிறது, எதில் ஊற்றுவது என்று தெரியவில்லை என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பழைய கட்டி நரம்பு வழியாகவே மேலே ஏறிக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. விட்டால் முதலில் கண் போகும், அப்புறம் மூளை. டாக்டர் என்னைக் கேட்டார், கன்னம் மரத்துப் போய் எவ்வளவு நாள் ஆகிறது என்று. சமீபத்தில்தான் என்றேன். விவரமாகச் சொன்னால் இவர்கள் ஒரு கதை கட்டிவிடுவார்கள், எனக்குத் தெரியாதா? எப்படியும் அது மெதுவாக வளர்கிற சங்கதி. ஒரு வருஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

வெட்ட முடியாது என்றார்கள். ஒரு தடவை ரேடியேஷன் கொடுத்த இடம், மறுபடியும் அதையே கொடுத்தால் கண் நரம்பு கருகிவிடும். புரோட்டான்தான் வழி. உங்களுக்கு அங்கே யாரும் ஒழுங்காக விளக்கியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். சாதாரண ரேடியேஷன் திருவிழாவில் கட்டுகிற குழாய் மைக் மாதிரி. ஒருவனுக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே கத்தும். கட்டிக்கு முன்னால் இருப்பதையும் சுடும், பின்னால் இருப்பதையும் சுடும். புரோட்டான் என்பது கிட்டே வந்து காதில் சொல்கிற மாதிரி. துகள் உள்ளே போகும், சொன்ன ஆழத்தில் நிற்கும், அங்கே தன் வேலையை முடிக்கும், அதற்கு அந்தப் பக்கம் போகாது. ஜப்பானில் இதைவிடக் கனமான துகள் வைத்துச் செய்கிறார்கள், கார்பன். அதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்றார், வாட்சைப் பார்த்தார்.

அதே டாக்டர், சென்னியப்பனோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் தெரியுமா?

அவன் வந்து சேர்ந்தான். யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்திருந்தோம், தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து போனால் அவளுக்கு ஆகாது என்று. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் குக்கர், குண்டா, கரண்டி எல்லாம் ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு நிற்கிறான். கடையிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். ரெண்டு நாளில் அந்த மாடி முழுக்க அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. ஒரிசாக்காரன், நெல்லூர்க்காரன், எந்த ஊர் நோயாளியாக இருந்தாலும் அவன் வைத்த கஞ்சிதான். பாஷை தெரியாது. "நல்லாக் குடிங்க, இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா?" என்று தமிழிலேயே எல்லாரிடமும் கேட்பான். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு கணக்கு கிடையாது.

அப்படிப்பட்டவன் டாக்டரிடம் கேட்கிறான்: "ஏனுங் டாக்டரே, உள்ள போற அதுக்கு எங்க நிக்கோணும்னு எப்படிங்க தெரியும்?" எனக்கு அவமானமாகிவிட்டது. டாக்டர் என்னவென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டுகிறார். இவன் அதை மடித்துச் சட்டை ஜோபியில் வைத்துக்கொண்டு போய் அக்காளுக்குக் காட்டியிருக்கிறான். "எத்தன வேகத்துல தள்ளறாங்களோ அத்தன தூரந்தான் போகுமுங்க்கா, கோலி குண்டு மாதிரி." அவள் சிரித்தாள். நான் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோலி குண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் மாஸ்க் எடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு நாளைக்கே எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் ஈர அப்பளம் மாதிரி துவண்டுவிடும். அதை முகத்தில் போட்டு இழுத்து அமுக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு, வாய், தாடை எல்லாம் அப்படியே பதிந்து இறுகிவிடும். அப்புறம் ஒவ்வொரு நாளும் மேஜையில் படுக்கவைத்து அந்த மாஸ்க்கைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். தலை மயிரிழை கூட அசையக் கூடாது. மாஸ்க் போட்டபடியே ஸ்கேன் எடுத்து, அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார்கள், எந்தப் பக்கமிருந்து எவ்வளவு ஆழம் என்று. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

மாஸ்க் எடுத்தது டெல்பின் என்று ஒரு பெண். நாகர்கோவில் பக்கம். வேலை முடிந்து இவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வெளியே வந்து என்னிடம் சொன்னது. சிகிச்சை முடிகிறவரை முடி வெட்டக் கூடாது, தலையை இப்போது இருப்பது போலவே வைத்திருக்க வேண்டும், ரொம்ப இளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எது மாறினாலும் மாஸ்க் பொருந்தாது, கணக்கு தப்பிவிடும் என்று. எல்லாம் எனக்குப் புரிந்தது. "அம்மாகிட்டயும் ஒரு வார்த்த நானே சொல்லிரட்டுமா அங்கிள்?" என்றது. வேண்டாம்மா, அவளுக்கு இதெல்லாம் விளங்காது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவளிடம் நான் முதல் நாளே சொல்லியிருந்தேன்: "நீ படுக்கச் சொன்னாப் படு, எந்திரிக்கச் சொன்னா எந்திரி. மத்ததெல்லாம் எம் பொறுப்பு." அதற்கு மேல் ஒரு நோயாளிக்கு என்ன தெரிய வேண்டும்? மில்லிமீட்டர் கணக்கை அவளிடம் போய்ச் சொல்லி என்ன செய்வாள், பயப்படுவாள். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அந்தப் பத்து நாள் இடைவெளியில் அவள் கேட்டாள், தம்பி வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்வரட்டுமா என்று. எனக்கும் கடையில் சரக்கு எடுக்கிற வேலை இருந்தது. போய்வா என்றேன். திங்கட்கிழமை காலையில் முதல் சிகிச்சை. அவளும் அவனும் ராத்திரி ரயிலில் வந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் கடையைத் திறந்துவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

ரெண்டு பேரும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புடவைத் தலைப்பைத் தலையோடு சுற்றியிருந்தாள். குளிர் போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் தலைப்பை எடுத்தாள்.

மொட்டை. பழனியில் போட்ட மொட்டை. சந்தனம்கூட முழுசாகக் காயவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்திருக்கிறேன் தம்பி. அவள் தலை அவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் டெல்பின் வந்துவிட்டது. பார்த்தது. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மாஸ்க்கைப் போட்டுப் பார்த்திருக்கிறது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி, தலை முழுக்க அவ்வளவு அடர்த்தி. அது போனதும் மாஸ்க்குக்குள் தலை ஆடுகிறது. பெரியவர் சட்டையைச் சின்னவர் போட்ட மாதிரி. டாக்டர் வந்தார், கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற பிசிக்ஸ்காரர் வந்தார். முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார்கள். மறுபடி மாஸ்க், மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. ரெண்டு வாரம் தள்ளிப்போகும்.

இந்த மகாராஜன் அப்போது கேட்கிறான்: "முடி இல்லாட்டி இன்னும் நல்லாப் பாயாதுங்களா?"

அந்த வராந்தாவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவனை என்னென்ன கேட்டேனோ. உன் அக்காளை நீயே கொன்றுவிட்டாய் என்றேன். அண்டா கழுவுகிற மூளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் கஞ்சி ஊற்றிய ஒரிசாக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி.

அவள்தான் பேசினாள். "அவனத் திட்டாதீங்க. நாந்தான் கூட்டீட்டுப் போகச் சொன்னேன். முடி எடுக்கக் கூடாதுன்னு எனக்கு யாருஞ் சொல்லலீங்க."

பார்த்தீர்களா பேச்சை? உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். என்னைக் கேட்காமல் முடியை எடுப்பாய் என்று நான் கனவா கண்டேன்? டெல்பின் என்னைப் பார்த்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் என்னை அங்கிள் என்று கூப்பிடவில்லை, சார் என்றுதான் கூப்பிட்டது. எல்லாவற்றையும் நேராக அவளிடமே சொல்ல ஆரம்பித்தது. நானும் விட்டுவிட்டேன். சொல்லிப் பார்க்கட்டும், என்ன விளங்கிவிடப் போகிறது என்று. அவளானால் தினமும் அறைக்கு வந்து தம்பியிடம் ஒப்பிக்கிறாள், இன்றைக்கு மூச்சை எப்படி விடச் சொன்னார்கள், நாக்கை எங்கே வைக்கச் சொன்னார்கள் என்று. பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளை மாதிரி.

பழைய மாஸ்க் குப்பைக்குத்தான் போகும். டெல்பின் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது சென்னியப்பன் பின்னாலேயே போனான். "ஏனம்மணி, இத என்ன பண்ணுவீங்க?" போட்டுவிடுவோம் என்றது. "எங்கக்கா மொகமுங்க. மொகத்தக் கொண்டுபோய் எப்படிங்க குப்பையில போடறது?" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். முதலில் அவனேதான் சொன்னான், இட்லித் தட்டு மாதிரி இருக்கிறது என்று. அதைக் கொண்டுபோய்க் கடையில் அண்டாக்களுக்கு மேல் ஆணியடித்து மாட்டிவைத்திருந்தான். வாடகைக்கு வருகிறவன் எல்லாம் இது என்ன, வடிதட்டா என்று கேட்பானாம். இவன் உட்கார்ந்து புரோட்டான் பற்றிப் பாடம் நடத்துவானாம். நேற்று நாலு பேர் இதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

சிகிச்சை நடந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஒன்றரை மாதத்துக்கு மேல். அவளுக்கு வலி இல்லை. வாய் கொஞ்சம் வெந்தது, கன்னம் கொஞ்சம் கறுத்தது. ஒரு நாள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணை இறுக்கி மூடியிருந்தாலும் அது உள்ளே வரும்போது நீலமாக ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று. "நீலமுன்னா சும்மா நீலமில்லடா, விடியறதுக்கு முன்னால வானம் இருக்குமே, அந்த நெறம்." முருகன் மயிலைத்தான் காட்டுகிறான் என்று அவன் சொல்லியிருப்பான், நான் கேட்கவில்லை. எல்லாம் பிரமை என்றேன். டாக்டரிடமும் சொல்லிச் சிரித்தேன். இல்லை, கண் பக்கத்தில் கொடுக்கும்போது நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள் என்றார். மரியாதைக்குச் சொல்லியிருப்பார். அதற்கப்புறம் அவள் என்னிடம் அந்த வெளிச்சத்தைப் பற்றிப் பேசவில்லை.

சிகிச்சை பலித்ததா என்று கேட்கிறீர்கள். கண் தப்பியது. தட்டு ஒன்றாகத் தெரிந்தது. அந்த இடத்தில் அது கடைசி வரைக்கும் திரும்பி வரவே இல்லை. ரெண்டு வருஷம் கழித்து நுரையீரலில் வந்தது. இந்த ஜாதிக் கட்டி அப்படித்தான், எங்கேயோ ஒரு விதை முன்னாலேயே போய் விழுந்திருக்கும் என்றார் டாக்டர். மொட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ரெண்டு வாரத் தாமதத்தால் எதுவும் ஆகவில்லை என்று அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் ஆறுதலுக்கு ஆயிரம் சொல்வார்கள். ரெண்டு வாரம் தம்பி. ஒரு புற்றுக்கு ரெண்டு வாரம் என்பது என்ன என்று மருந்து விற்றவனுக்குத் தெரியும். அந்த ரெண்டு வாரத்தில்தான் அது இறங்கியிருக்கிறது. அவன் செய்த காரியம்தான் அது.

அதனால்தான் அவனை வீட்டுக்குள் விடவில்லை. அவள் படுத்த படுக்கையான பிறகு ஒரு தடவை கடைக்கு வந்தான், கையில் அடுக்குத் தூக்கு. அக்காளைப் பார்க்க வேண்டும் என்றான். தூங்குகிறாள் என்றேன். எழுந்திருக்கிற வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று கடை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சாயந்தரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். நான் ஷட்டரை இழுக்கிறபோது எழுந்து தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டுக்குக் கொண்டுபோனேன், திறந்து பார்த்தாள். கம்மங்கூழ். யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரெண்டு வாய் குடித்தாள். அந்தச் சமயத்தில் அவள் வேறெதையும் குடிக்கவில்லை.

அந்த மாதமே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவனை நான் பார்த்தது ஒரே தடவைதான், அந்த ஈரோடு பஸ் ஸ்டாண்டில். பெருந்துறையில் ஒரு கல்யாணம், போகாமல் இருக்க முடியாத இடம். அவனுடைய பாத்திரம்தான் அங்கே. நான் பேசவில்லை. பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று பின்னாலேயே வந்தான். ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"மச்சான், ஒண்ணு சொல்லோணுமுங்க. அக்கா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. இப்ப அக்காவே இல்ல."

சொல் என்றேன்.

"அந்த முடி அக்கா தனக்கு வேண்டிக்கிட்டது இல்லீங்க. நீங்க நெஞ்சு வலியில படுத்திருந்தப்ப உங்களுக்கு வேண்டிக்கிட்டது. நீங்க இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டீங்கன்னு செலுத்தாமயே வெச்சிருந்துச்சு. மிசினுக்குள்ள போயி நான் திரும்பி வராட்டி அந்த வேண்டுதல் அவரு தலை மேலதான நிக்கும், முன்னாலயே குடுத்துட்டுப் போயர்றேன்னு சொல்லுச்சுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு ஸ்டென்ட் வெச்சது உங்க முருகனாடா?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவன் சிரித்தான். நான் ஏதோ வேடிக்கை பேசிவிட்ட மாதிரி. பழத்தை மடியில் போட்டான். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

யோசித்துப் பாருங்கள். எனக்காக அவள் முடியைக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டேனா? நான் பிழைத்ததற்கும் அவள் முடிக்கும் என்ன சம்பந்தம்? நாள் தவறாமல் ரத்தம் இளகுகிற மாத்திரை சாப்பிட்டேன், பிழைத்தேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? கேட்கவில்லை. என்னைக் கேட்கக் கூடாது என்று எப்படித்தான் அவளுக்குத் தோன்றியதோ. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே எதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தப் பழத்தை நான் சாப்பிடவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டுகிறபோது பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று எல்லாம் முடிந்து கிளம்புகிறபோது அவன் பெண்டாட்டி ருக்மணி இந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இத உங்ககிட்டக் குடுக்கோணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க அண்ணா. நீங்க திட்டுவீங்கன்னு பயம் அவருக்கு." வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். துக்க வீட்டில் எதற்கு வம்பு என்று வாங்கிக்கொண்டேன். இனி அந்தக் கடையை எடுத்து நடத்துகிறவன் இதில் அரிசி களைந்தாலும் களைவான்.

எழுந்துவிட்டீர்களே. உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் விழுப்புரத்தில் இறங்கிவிட்டாள், இடம் காலியாகிவிட்டது, ஆமாம். போய் உட்காருங்கள். ஆனால் தம்பி, நான் சொன்னதையெல்லாம் கொண்டுபோய் அவர்களிடம் கொட்டிவிடாதீர்கள். எதையும் சொல்லாதீர்கள். நீங்கள் தெரிந்துகொண்டால் போதும், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, சொல்லத்தான் போகிறீர்களா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் இஷ்டம். இந்தக் காலத்தில் அனுபவப்பட்டவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஒரு நிமிஷம். பையில் என்ன என்று முதலிலேயே கேட்க நினைத்தீர்கள், கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போங்கள். தொட வேண்டாம். இது மூக்கு. இது வாய், மூடிய வாய். இது தாடை. ஆணி அடித்த இடத்தில் மட்டும் கொஞ்சம் விண்டிருக்கிறது. ஓட்டைகளில் இருக்கிற மஞ்சள் அவன் பூசினது, துடைத்தாலும் போகவில்லை.

ரெண்டாவதாக எடுத்த மாஸ்க்கை, அவள் தினமும் போட்டுப் படுத்ததை, கடைசி நாள் டெல்பின் வேண்டுமா என்று கேட்டது. எனக்கு எதற்கு என்றேன். போட்டுவிட்டார்கள். இருப்பது இது ஒன்றுதான். இதை மாட்டிக்கொண்டு அவள் ஒரு நாளும் சிகிச்சைக்குப் படுக்கவில்லை. நெற்றிக்கு மேலே, இதோ, ஒரு விரல் கனத்துக்குத் தள்ளி நிற்கிறது பாருங்கள். அது முடிக்கு விட்ட இடம்.